மல்டிமீட்டரை வைத்துக் காட்டி விற்கும் மின்னல் அரெஸ்டர்: ஜோஹன்னஸ்பர்க் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கவனத்துக்கு

நம் ஹைவெல்டு மேட்டுநிலத்தில் இடி மழைக்காலம் நெருங்குகிறது. கூரைமேல் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் கேபிளில் போட அரெஸ்டர் (மின்னலால் கேபிளில் ஏறும் மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் சிறு கருவி) தேடுவீர்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு கடையில் எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு வாங்கினேன், விலையும் சல்லிசு இல்லை. "டெஸ்ட் பண்ணியே தர்றோம் அங்கிள்" என்று கடைக்காரர் மல்டிமீட்டரின் ஒரு முனையை நடு ஊசியிலும் மற்றதை வெளி உடம்பிலும் வைத்தார். ஓப்பன், அதாவது இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போகவில்லை. பில்லில் 'சோதிக்கப்பட்டது' என்று முத்திரையும் விழுந்தது.

அரெஸ்டரின் உயிரே உள்ளிருக்கும் கேஸ் டியூப்தான், வாயு நிரப்பிய சிறு குழாய். 230 வோல்ட் டியூப் அந்த அளவுவரை சும்மா கிடக்கும். தாண்டினால் கடத்தி, கேபிளில் ஏறியதை எர்த்துக்குத் தள்ளும். மல்டிமீட்டர் கொடுப்பதோ சில வோல்ட். டியூப் நன்றாக இருந்தாலும் ஓப்பன், டியூபே இல்லாவிட்டாலும் ஓப்பன்!

வீட்டில் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து மின்தடையை அளக்கும் கருவி) இருந்தது. ரேடியோ, ஆன்டெனா எதிலும் மாட்டாமல் அரெஸ்டரை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். 100 வோல்ட்டில் ஓப்பன், சரி. 250-ல் கடத்தாவிட்டாலும் குறை சொல்ல முடியாது, டியூபுக்கு 20 சதவீதம் முன்பின் உண்டு. ஆனால் 500-ல் மெக்கர் காட்டும் மதிப்பு சடாரென்று சரிந்தாக வேண்டும். இரண்டிலும் அசையவே இல்லை. ஒன்றின் பக்கவாட்டு மூடியைத் திருகினேன், டியூப் மாற்றுவதற்கென்றே இருக்கிற மூடி அது. உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும். டியூப் உட்கார வேண்டிய குழியில் ஒரு கீறல்கூட இல்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "திறந்ததை எடுக்க மாட்டோம்." திறக்காததை நீட்டினேன். "எலெக்ட்ரிக் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று சொல்வது வாங்கியவர். சட்டத்தின் பெயரைச் சொன்னதும் திறக்காததற்கு மட்டும் பணம் வந்தது. மற்றதற்கு இன்னும் இழுத்தடிக்கிறார்.

இதே ஆள் 100 வாட் ரேடியோ வைத்திருக்கும் லெனேசியா பகுதி நண்பருக்கு 90 வோல்ட் டியூப் போட்டதைத் தள்ளிவிட்டிருக்கிறார். 50 ஓம் கேபிளில் 100 வாட் போனாலே உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். பேச ஆரம்பித்தாலே டியூப் கடத்தத் தொடங்கிவிடும்.

அங்கே வாங்கியவர்கள் மூடியைத் திறக்காமல் முதலில் மெக்கரில் போட்டுப் பாருங்கள். மெக்கர் இல்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன். அதுவரை மேகம் கறுத்தால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.