1940ஆம் ஆண்டுத் துணியில் கென்னடி விமான நிலையம்

நியூயார்க் சுரங்க ரயிலில் போகுமிடத்தைக் காட்டிய பழைய ஊர்ப்பெயர்த் துணிச் சுருளை வாங்க ஆசைப்படுகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 380 டாலரை எண்ணிக் கொடுத்தவன்.

போன மாதம், புரூக்ளினில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஆளுயரத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஊர்ப்பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல வட்டத்துக்குள் ஏ, சி, ஈ என்று தடத்தின் எழுத்து. எட்டாவது அவென்யூ தடத்தில் 1940களில் ஓடிய ரயில் பெட்டியிலிருந்து கழற்றியது என்றார்.

அந்தத் தடம் 1932இல் திறந்தது என்பதும், ஆர்1 என்ற பெட்டிகள் அதில் ஓடின என்பதும் எனக்கு முன்பே தெரியும். சன்னலுக்கு மேலே ஒரு பெட்டிக்குள் இரண்டு உருளைகள், அவற்றில் சுற்றிய துணி, ஊர் மாறும்போது கைப்பிடியைத் திருகும் ஊழியர். இதையெல்லாம் வியாபாரிக்கு நானே விளக்கினேன். அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு விலையைச் சொன்னார். பேரம்கூடப் பேசவில்லை நான்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் விரித்ததும் என் மனைவி குனிந்து முகர்ந்தாள்.

"என்னங்க, டீ வாசம் அடிக்கிறதே?"

பழைய துணி அப்படித்தான் இருக்கும் என்று அதட்டினேன். அவள் ஈரத்துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தாள். டிக்காஷன் நிறத்தில் சாயம் இறங்கியது. முன்பக்கம், பின்பக்கம், தையலின் உள்மடிப்பு என்று எல்லா இடத்திலும் ஒரே அளவு பழுப்பு. வருடக்கணக்கில் உருளையில் ஓடிய துணி ஓரங்களில் நைந்து, அடிக்கடி நிறுத்திய ஊர்ப்பெயரின் அருகில் அதிகமாக அழுக்கேறி இருக்கும். இது அண்டாவில் முக்கி எடுத்தது.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் சுரங்க ரயிலில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்துச் சிரித்தார். 'ஹோவர்டு பீச் - ஜேஎஃப்கே விமான நிலையம்'. ஜேஎஃப்கே என்றால் ஜான் எஃப். கென்னடி. அந்த விமான நிலையத்தை முன்பு ஐடில்வைல்ட் என்றுதான் அழைத்தார்கள். கென்னடி கொல்லப்பட்ட மறுமாதம், 1963 டிசம்பரில்தான் அவர் பெயரை வைத்தார்கள். மூன்று மணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்!

வண்ணமும் காட்டிக்கொடுத்தது. தடங்களுக்கு வண்ணம் தீட்டியதே 1967 நவம்பரில், கிரிஸ்டி தெரு இணைப்பு என்ற புதிய சுரங்கப் பாதை திறந்தபோது. அப்போதும் எழுத்துக்கு ஒரு வண்ணம் என்றுதான் இருந்தது. எட்டாவது அவென்யூவில் ஓடுகிறவற்றுக்கெல்லாம் ஒரே நீலம் வந்தது, மன்ஹாட்டனில் எந்த அவென்யூ வழியாக ஓடுகிறதோ அதற்கேற்ப வண்ணத்தைப் பிரித்த 1979ஆம் ஆண்டு ஏற்பாட்டில். எழுத்துரு ஹெல்வெடிகா. அது சுவிட்சர்லாந்தில் 1957இல் உருவானது. நியூயார்க் சுரங்க ரயில் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1989இல். ஆக, என் '1940' துணிக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. நாற்பது நாள் ஆகியிருந்தாலே அதிகம் என்பது கண்டக்டரின் கணக்கு.

அடுத்த ஞாயிறு துணியோடு போய் நின்றேன். வியாபாரி பில்லை எடுக்கச் சொன்னார். அதில் 'பழைய பாணி அலங்காரத் துணி' என்று எழுதியிருந்தது. வாயால் 1940 என்றவர், தாளில் 'பாணி' என்று எழுதித் தப்பித்துக்கொண்டார். நகல் விற்பது குற்றமில்லை. அலங்காரக் கடைகளில் நகல் என்று சொல்லியே விற்கிறார்கள். நகலை அசல் விலைக்குத் தள்ளிவிட்டதுதான் என் வயிற்றெரிச்சல். பணம் திரும்பி வரவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கழித்துப்போட்ட பெட்டிகளின் பாகங்களைப் போக்குவரத்து ஆணையமே விற்கிறது; அங்கே பாருங்கள். தனி ஆளிடம் வாங்கினால் துணியின் பின்பக்கத்தையும் உருளையில் ஒட்டிய இரு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு மூடியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். 'அசல்' என்பதையும் எந்த ஆண்டு, எந்த வகைப் பெட்டி என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஈரக் கைக்குட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வதும் நல்லது.

துணி இப்போது எங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தின் மேல் கிடக்கிறது. ஒரு தடவை துவைத்ததில் பளிச்சென்று புதிதாகிவிட்டது.