கறித்தூளை பாரிசுக்கு ஏற்றித் தரும் முகவர்: 5க்கு 3

மச்சான் பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கறித்தூளை அங்கே விற்கலாம் என்று இரண்டு வருடமாக ஒரே நச்சரிப்பு. சொந்தக்காரருக்கு 2 கிலோ பார்சல் போடுவது வேறு, கடைக்கு 60 கிலோ அனுப்புவது வேறு என்பதால் யாழ்ப்பாணம் திருநெல்வேலிப் பக்கம் உள்ள ஒரு முகவரிடம் போனேன். (பெயர் போடவில்லை, வாசித்தால் ஏனென்று விளங்கும்.) சின்ன ஆட்களின் சரக்கைச் சேர்த்து, மாதிரியைக் கொழும்பில் ஆய்வுக்குக் கொடுத்து, கடுதாசி வேலையெல்லாம் பார்த்து ஏற்றிவிடுகிறார்கள்.

முதல் தடவை ஃபெயில். செத்தல் மிளகாயில் அஃப்ளாடாக்சின், அதாவது பூஞ்சணம் விடுகிற நஞ்சு. ஐரோப்பாவில் பி1 வகைக்கு ஒரு கிலோவில் 5 மைக்ரோகிராம்தான் எல்லை, 1000 தொன் மிளகாயில் 5 கிராம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக வறுத்துத்தானே இடித்தேன் என்றேன். "வறுத்தாலும் அது போகாது தம்பி, ஈரத்தோட சாக்கில கிடந்தப்பவே வந்திட்டுது" என்றார் அங்கிருந்த அண்ணை. பொறுமையாக விளங்கப்படுத்தினார், அதற்கு முழுப் புள்ளி. ஆனால் இதைக் காசு வாங்கிய அன்றே சொல்லியிருக்கலாமே? மாரியில் சீமெந்து நிலத்தில் சாக்கை அடுக்கி வைத்தது என் பிழைதான், சரி, கேட்பதற்கு ஒரு வார்த்தை போதும்.

ஆய்வுக்கூலிதான் வயிற்றெரிச்சல். 60 கிலோவுக்கும் அதே காசு, கொள்கலன் நிறைய அனுப்புகிறவனுக்கும் அதே காசு. அடுத்த தடவை பக்கத்து வீட்டு இரண்டு பேரையும் சேர்த்து, படங்கில் ஒன்றாகக் காயவைத்து, பலகைக்கு மேலே அடுக்கி, ஒரே தொகுதியாக இடித்து, ஆய்வுக்கு ஒரேயொரு மாதிரியைக் கொடுத்தோம். பாஸ். இந்த யோசனையும் அந்த அண்ணையினதுதான்.

வல்லாரை, பொன்னாங்காணி அனுப்பலாமா என்றும் கேட்டேன். மருந்தடித்த மிச்சம் இருக்கிறதென்று இலங்கையிலிருந்து போகும் அந்த இரண்டையும் ஐரோப்பா கூடுதல் சோதனைப் பட்டியலில் போட்டது, தனி எல்லை வைக்காத மருந்தென்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் விடுவார்கள், தோட்டக்காரன் எப்போது என்ன அடித்தான் என்று எழுதி வைத்தால் மட்டும் வா என்றார். எங்கள் பக்கம் யார் எழுதி வைக்கிறார்கள்!

ஃபோன் எடுக்கவே மாட்டார்கள். காலை 10 மணிக்கு முன்னர் நேரில் போங்கள், அந்த அண்ணை இருப்பார்.