ஹட்டன் லேத் பட்டறையில் ஒரு பழைய 2எஃப் இயந்திரம்: அழுத்த விகிதம் 7.8இலிருந்து 8.3க்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா செல்லும் வழியில் உள்ள இந்த லேத் பட்டறை, பெரும்பாலும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் லொறிகளுக்குமே வேலை செய்கிறது. இருக்கும் வேலையே கைக்கு மிஞ்சிக் கிடக்கிறது, விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. பழைய வாகனம் வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். நான் கொடுத்தது டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 ஒன்றின் 2எஃப் இயந்திரம்: வரிசையாக ஆறு சிலிண்டர்கள், 4,230 சீசீ, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 94 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 101.6 மில்லிமீட்டர், அழுத்த விகிதம் 7.8, அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள கொள்ளளவு, அது உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடத்தைப் போல் 7.8 மடங்கு. முழுமையாகப் பிரித்துக் கட்டும்போது அந்த விகிதத்தையும் உயர்த்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

இங்கு எதையும் அளந்து பார்த்த பிறகே வெட்டுகிறார்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளைப் பொருத்தி, துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு, ஆறு எரியறைகளின் கொள்ளளவையும் தனித்தனியே குறித்துக்கொண்டார்கள். கேஸ்கட்டின் தடிப்பும், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக்கின் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதும் அதே தாளில் ஏறின. சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்தாலே அழுத்தம் ஏறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை: 705 சீசீயாக இருந்த ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 713 ஆகிறது, மேலே எஞ்சும் இடமோ 104 சீசீ அளவிலேயே நிற்கிறது, ஆகவே விகிதம் 7.9ஐக்கூட எட்டுவதில்லை. 8.3 வேண்டுமென்றால் அந்த இடத்திலிருந்து இன்னும் 6 சீசீ குறைய வேண்டும். அதற்காக ஹெட்டின் முகத்தை 1.2 மில்லிமீட்டர் சீவினார்கள்.

9 வரை போக முடியுமா என்று கேட்டபோது உரிமையாளர் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான்: “தம்பி, வண்டி நுவரெலியாவுலயே நிக்கப் போகுதா, இல்ல கீழயும் எறங்குமா?” கேள்வியின் காரணம் காற்றில் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே ஆதலால், ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் காற்று குறைகிறது. அங்கே 9 என்ற விகிதத்தை 92 ஒக்டேன் பெற்றோல் தாங்கிக்கொள்ளக்கூடும். அதே இயந்திரம் ரம்பொடை வழியாக இறங்கிக் கண்டியையும் கொழும்பையும் அடையும்போது சிலிண்டர் நிறையக் காற்று வரும், வெக்கையும் சேரும், இழுவையில் நொக்கிங் (பெற்றோல் தானாகவே வெடித்துத் தட்டுவது) தொடங்கிவிடும். 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்கென்று மட்டும் கட்டும் இயந்திரத்துக்கு எவ்வளவு உயர்த்தினாலும் கேட்பாரில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வத்தளை வரை போகும் வண்டிக்கு அது சரிவராது. தவிர, 9ஐ எட்ட ஹெட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சீவ வேண்டும். முகம் மெலிந்து, ஒருமுறை சூடேறினாலே வளைந்துவிடும் என்றார். அதிக வேலை வாங்கி அதிகப் பணம் பெறும் வாய்ப்பை அவரே மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே இருந்து பற்சக்கரத்தால் சுழலும் அமைப்பு என்பதால், ஹெட்டைச் சீவியதால் வால்வு நேரம் மாறவில்லை. ஹெட் தாழ்ந்ததால், கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுசெல்லும் புஷ்ரொட் கம்பிகள் அந்த அளவுக்கு நீளம் கூடியவைபோல் ஆகிவிடுவதை டப்பட் (வால்வு இடைவெளி) சரிசெய்யும்போது ஈடுகட்டிவிடலாம். பெற்றோலில் இப்போது ஈயம் இல்லாததால், தேய்ந்திருந்த எக்ஸோஸ்ட் பக்கத்தில் கடினமான புதிய சீற்றுகளை (வால்வு அமரும் வளையங்களை) இறக்கினார்கள். இக்னிஷன் டைமிங்கை (பொறி பாயும் நேரத்தை) கூட்டாமல், ஃப்ளைவீலில் பதிந்திருக்கும் சிறிய இரும்புக் குண்டைப் பார்த்து, கம்பனி சொன்ன 7 பாகையிலேயே வைத்தார்கள்.

பலன் என்ன? 7.8இலிருந்து 8.3க்கு ஏறுவதால் கோட்பாட்டின்படி கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு இரண்டு வீதம்தான். உயரத்தால் இழந்த ஐந்தில் ஒரு பங்கை அது ஈடுசெய்யாது. வண்டி இப்போது நானுஓயா ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது என்றால், பெரும் பங்கு புதிய ரிங்குகளுக்கும் சரியாக அமர்ந்த வால்வுகளுக்கும் உரியது. பழைய இயந்திரத்தை நன்றாகக் கட்டிவிட்டு அழுத்தத்துக்குப் புகழ் கொடுப்பது எங்கும் நடக்கிற வேடிக்கை.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் 150 பிஎஸ்ஐ காட்டும் சிலிண்டர் நுவரெலியாவில் 120தான் காட்டும். இதை அறியாமல் நல்ல ரிங்குகளைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இப்பட்டறையில் உயரத்தைக் கழித்தே வாசிக்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தவணைக்கு வேலை முடிவதில்லை. கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் தொழிற்சாலை வேலைதான் முன்னே போகும். பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாவற்றையும் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் நாமே தேடி வாங்கிவர வேண்டும், அவற்றுக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. அளவுகள் எழுதிய தாளையும் கேட்டால்தான் தருகிறார்கள். கூலி கண்டியைவிடச் சற்றுக் கூடுதல். அவசரம் இல்லாதவருக்கு, குறிப்பாக மலையிலும் சமவெளியிலும் ஓடும் பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்கு, இப்பட்டறையைத் தயங்காமல் சொல்வேன். ஹெட்டை ஒப்படைக்கும்போதே எரியறை அளவுகளை எழுதித் தரும்படி கேட்டுவிடுங்கள்.