தென்னைக்கு அடிக்க ஒரு தகடு தேடி மட்டக்களப்பில் அலைந்தது

மட்டக்களப்பு டவுனில் மெல்லிய அலுமினியத் தகடு வாங்குவது இவ்வளவு பெரிய வேலை என்று யாராவது சொல்லியிருந்தால், கனடாவிலிருந்து வரும்போதே ஒரு சுருளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பேன். ரயில், சிம்காட், வங்கி வேலை எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்துவிட்டது, அதை விடுவோம்.

கல்லடியில் அம்மா இருக்கிற வளவில் தென்னைகளில் எலி. 1978 நவம்பர் சூறாவளி எங்கள் வளவுத் தென்னைகளை முறித்துப் போட்டபிறகு அப்பா வைத்த கன்றுகள் இவை, 2004 சுனாமித் தண்ணீர் உள்ளே வந்து போனபோதும் விழாமல் நின்றவை. இப்போது விடிய முற்றம் கூட்டப் போனால் குரும்பையும் இளங்காயுமாகக் கிடக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தால் காம்புப் பக்கமாக வட்டமாய் ஒரு ஓட்டை, ஓரத்தில் பல் பட்ட கீறல், உள்ளே தண்ணீரும் இல்லை வழுக்கையும் இல்லை. தேங்காய் விற்கிற விலைக்கு அம்மா அதைப் பார்த்துப் பார்த்து மனம் நோகிறா.

இதற்கு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், மரத்தைச் சுற்றித் தகரம் அடிப்பது. முந்தி இதற்கென்று யாரும் கடைக்குப் போனதில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தையோ பெரிய பிஸ்கட் தகரத்தையோ வெட்டி, சுத்தியலால் தட்டி விரித்து, நாலு ஆணியோடு வேலை முடியும். இப்போது எண்ணெயும் பிஸ்கட்டும் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன, வீட்டில் விரிப்பதற்குத் தகரமே இல்லை. கூரைத்தகடு நெளிவானது, மரத்தோடு ஒட்டி வராது, எலி அந்த நெளிவுக்குள் நுழைந்து ஏறிவிடும். இரும்புத் தகடு என்றால் கடற்காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடித்து மரத்தில் செம்மண் வடிந்த மாதிரி இறங்கும். அதனால்தான் அலுமினியம் வேண்டும் என்று நின்றேன்.

டவுனில் ஒரு பெரிய ஹாட்வெயார், பெயர் வேண்டாம். உள்ளே நின்ற பையனிடம் கேட்டேன்.

"தம்பி, அலுமினியத் தகடு மெல்லிசா இருக்கா? ஒரு 0.3 மில்லிமீற்றர் போல."

"என்னத்துக்கு அண்ணன்?"

"தென்னைக்கு அடிக்க."

"அதுக்குப் பொலித்தீனச் சுத்திவிடுங்களன்."

பொலித்தீன் வெயிலில் எத்தனை நாளைக்கு நிற்கும்? சரி, தகடுதான் வேணும் என்றேன். எட்டுக்கு நாலு அடி முழுத்தகடுதான் இருக்காம், வெட்டித் தர மாட்டார்களாம், தடிப்பு எவ்வளவு என்று கேட்டால் "28 கேஜ்". நான் ஸ்காபரோவில் தகட்டு வேலைத்தலத்தில் வேலை செய்கிறவன். கேஜ் என்பது தடிப்பைச் சொல்கிற எண், உலோகத்துக்கு உலோகம் மாறும். 28 கேஜ் என்றால் இரும்புக்கு 0.38 மில்லிமீற்றர் அளவு வரும், அலுமினியத்துக்கு 0.32 அளவுதான். எந்தக் கேஜ் என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் மேலே கேட்க மனம் வரவில்லை. காசை முதல் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். ஸ்டோர் வேறு இடத்தில், ஆள் போய் எடுத்து வரும்வரை வாசலில் வெயிலில் நின்றேன்.

வந்த தகட்டைத் தொட்டதுமே சந்தேகம். திறப்புக் கோர்வையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன், தொழில் பழக்கம். வைத்தேன், டக்கென்று ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, இது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. முதலாளியிடம் காட்டினால் அவர் பில்லின் அடியில் இருக்கிற வரியில் விரலை வைக்கிறார்: விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. நான் கேட்ட பொருளை நீங்கள் விற்கவே இல்லையே என்று சொன்னேன். காசு திரும்பாதாம், வேண்டுமென்றால் அந்தப் பெறுமதிக்கு வேறு ஏதாவது எடுக்கலாமாம். பெயின்டும் பூட்டும் தோட்டக் குழாயுமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சத்தம் போடவில்லை, ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. கனடாவில் ஹோம் டிப்போவில் கூரை ஓரத்துக்கு அடிக்கிற அலுமினியச் சுருள் ராக்கையில் கிடக்கும், அகலம் நீளம் எல்லாம் தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கும், பிடிக்காவிட்டால் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்தால் காசு கையில். அதே ஒழுங்கை இங்கே எதிர்பார்க்கவில்லை. பொருள் என்ன உலோகம் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் எதிர்பார்த்தேன்.

வேறு சில இடத்திலும் இதே கதைதான். ஒரு கடையில் உண்மையான அலுமினியம் இருந்தது, ஆனால் ஒரு மில்லிமீற்றர். எட்டுக்கு நாலில் அது எட்டுக் கிலோ வரும், மரத்தில் வளைத்து அடிக்க முடியாது.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு சின்னக் கடையில் ஏறினேன். வயதான முஸ்லிம் பெரியவர் ஒருவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், பழைய கணக்குக் கொப்பியோடு இருந்தார். கேட்டதும் "இல்ல மகன், எங்கிட்ட அது வாறதில்ல" என்றார். ஒரு வசனத்தில் முடிந்தது, அதற்கே கை கொடுத்திருப்பேன். நான் திரும்பும்போது அவரே கூப்பிட்டு, "தென்னைக்கெண்டா, அச்சடிக்கிற இடத்துல கேட்டுப் பாருங்க. அந்தப் பிளேட்டு அலுமினியந்தான்" என்றார். வேலைத்தலத்தில் இத்தனை வருஷம் தகடு வெட்டுகிற எனக்கு இது நினைவில் வரவே இல்லை. ஒப்செட் அச்சுத் தகடு! 0.15 தொடக்கம் 0.30 மில்லிமீற்றர் வரை, முழுக்க அலுமினியம், அச்சடித்து முடிந்ததும் அதற்கு வேலை இல்லை.

டவுனில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். மூலையில் சுவரோடு சாய்த்து அடுக்கி வைத்திருந்தார்கள், பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு. உரிமையாளர் ஒரு தகட்டை உருவித் தந்து, "அளந்து பாருங்க அண்ணன், எனக்கு அவசரமில்ல" என்றார். ஊரில் இத்தனை நாளில் இதைச் சொன்ன முதல் ஆள். தடிப்பு அளக்கிற வெர்னியரை வைத்தால் 0.30 மில்லிமீற்றர். அளவு 745க்கு 605 மில்லிமீற்றர். மேலே நீலப் பூச்சில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று, பூசை நேரங்கள் வரிக்கு வரி நேராகவே வாசிக்கக் கூடியதாக இருந்தது. ஒப்செட்டில் எழுத்து முதலில் ரப்பரில் விழுந்து பிறகுதான் கடதாசிக்குப் போகிறது, அதனால் தகட்டில் எழுத்து தலைமாறி இருக்காது. ஓரத்தில் மை காயாமல் இருந்தது, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போகும். பழைய இரும்புக்காரர் கொடுக்கிற கிலோ விலைக்கே தந்தார், அதற்கு மேல் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. தேநீரும் வந்தது.

செய்கிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் மரங்களின் சுற்று ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுத்தகடு, அதோடு இன்னொன்றில் பாதி, இரண்டின் ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடித்தால் சுற்றிவிடும். ஆக, இரண்டு மரத்துக்கு மூன்று தகடு, வீண் போவது கிடையாது. உயரம் 60 சென்றிமீற்றர், எலி எட்டிப் பிடித்துத் தாண்ட முடியாது. நிலத்திலிருந்து இரண்டு மீற்றருக்கு மேலே அடிக்க வேண்டும், கீழே அடித்தால் வேலியிலிருந்து பாய்ந்துவிடும். செம்பு, பித்தளை ஆணி வேண்டாம், உப்புக்காற்றில் அலுமினியத்தைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு ஆணி கிடைத்தால் நல்லது. தகடு மரத்தை இறுக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை, தென்னை மற்ற மரங்களைப் போல வருஷா வருஷம் பருக்காது. வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கும், அரை அங்குலம் உள்ளே மடித்துத் தட்டுங்கள்.

அதற்கு முன் வட்டை, அதாவது ஓலையும் குலையும் இருக்கிற மரத்தின் தலையை, துப்புரவாக்க வேண்டும். எலி மேலே கூடு கட்டி இருக்கும்போது கீழே தகடு அடித்து என்ன பயன்? பக்கத்து மரத்து ஓலையோடு முட்டுகிற ஓலையையும் வெட்ட வேண்டும். மரமேறுகிறவர் முதலில் முகம் சுளித்தார், தகட்டில் கால் வழுக்கும் என்று. நியாயம்தான். ஏணி வைத்துத் தகட்டைத் தாண்டி ஏறுவது என்று பேசி முடித்தோம், குட்டையான மரங்களில் கொக்கத்தடியே போதும்.

ஆரையம்பதியில் மாமி வளவிலும் இதே எலித்தொல்லை. அடுத்த கட்டுத் தகட்டை இரும்புக்காரருக்குப் போடாமல் வைக்கச் சொல்லி அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், தம்பி போய் எடுப்பான்.