பேட்டரி மாற்றத் தேவையில்லாத சென்சார்: வெளிச்சமா, வெப்பமா, அதிர்வா, வைஃபை அலையா?

முதலில் ஓர் அளவுகோல். சிஆர் 2032 பட்டன் பேட்டரியில் 3 வோல்ட்டில் சுமார் 220 மில்லியாம்பியர்-மணி இருக்கும். அதை ஐந்து ஆண்டுக்கு இழுத்தால் சராசரி 15 மைக்ரோவாட்தான். சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றல் எடுக்கும் எந்த முறையும் இரவு பகல் சேர்த்து இந்த 15-ஐத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியே மேல்.

வைஃபை அலை இங்கேயே தோற்றுவிடுகிறது. 100 மில்லிவாட் ரவுட்டரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வருவது 0.03 மைக்ரோவாட். ரவுட்டர் எந்நேரமும் அலை அனுப்பிக்கொண்டும் இருக்காது. ஃபாஸ்டேக் பேட்டரி இல்லாமல் வேலை செய்கிறதே என்பார்கள். அதற்குச் சுங்கச்சாவடிக் கருவி குறிபார்த்து அலையைப் பாய்ச்சுகிறது. அது காற்றில் சும்மா கிடைப்பது அல்ல.

வெப்பத்தை மின்சாரமாக்கும் தகட்டுக்கு, அதன் இரு பக்கத்துக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு வேண்டும். கைச்சூட்டில் ஓடும் கடிகாரத்தை செய்கோ 1998-லேயே விற்றது. ஆனால் தோலுக்கும் காற்றுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தாலும் தகட்டுக்குக் குறுக்கே நிற்பது ஓரிரு டிகிரிதான். நீராவிக் குழாய் என்றால் கதையே வேறு. அங்கே தாராளமாக எடுக்கலாம்.

அதிர்வுதான் ஆசை காட்டி ஏமாற்றும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24. அதற்கென்று சுருதி சேர்த்த பீசோ பட்டை (வளைந்தால் மின்சாரம் தருவது) நன்றாகவே தரும். பளு மாறி வேகம் கொஞ்சம் நழுவினாலும் விளைச்சல் சரிந்துவிடும். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் மோட்டாரில் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஆனால் விரல் அழுத்தத்தில் இயங்கும் எனோஷன் வகை ஸ்விட்ச் அருமை: அழுத்தும் அந்த அசைவே ஒரு சிறு ரேடியோச் செய்தி அனுப்பப் போதும்.

வீடு, அலுவலகம் என்றால் என் ஓட்டு வெளிச்சத்துக்கே. கால்குலேட்டரில் இருக்கும் அதே அமார்ஃபஸ் சோலார் செல், அலுவலக விளக்கொளியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 மைக்ரோவாட் தரும். பத்து சதுர சென்டிமீட்டர், எட்டு மணி நேரம் வெளிச்சம்: நாள் சராசரி 33. இரவுக்கு மின்சாரத்தைச் சேமித்துவைக்க ஒரு சூப்பர் கெப்பாசிட்டர். மொட்டைமாடி பேனலின் கிரிஸ்டலைன் துண்டை வாங்காதீர்கள். மங்கிய ஒளியில் அது படுத்துவிடும். பரண், அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் பேட்டரிதான், சரி.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் தகவலை வைஃபையில் அனுப்பாதீர்கள். அனுப்பும் நேரத்தில் அது நூற்றுக்கணக்கான மில்லிவாட் கேட்கும். ப்ளூடூத்தின் குறைந்த மின்செலவு வகையான ப்ளூடூத் லோ எனர்ஜியில், சில நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.