நெடுந்தூரக் குதிரையோட்டம்: துடிப்புப் பட்டையா, வெப்பமானியா?

அமீரகத்தின் அல் வத்பா போன்ற மணல் தடங்களில் ஓடும் நெடுந்தூரப் போட்டிக் குதிரையின் களைப்பையும் உடற்சூட்டையும் கண்காணிக்க, சேணத்துக்கடியில் அணிவிக்கும் இதயத்துடிப்புப் பட்டை ஒரு வழி. ஸ்டெதாஸ்கோப்பும் ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியும் மற்றொரு வழி. இரண்டையும் பயன்படுத்திய பின், உதவிக்குழுவின் பையில் முதலில் இருக்க வேண்டியது வெப்பமானி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

பட்டையின் பயன் வெளிப்படையானது. ஓடும்போதே துடிப்பின் எண்ணிக்கை சவாரி செய்பவரின் கைக்கடிகாரத்தில் தெரிவதால், ஆழ்ந்த மணலில் எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதை அது உடனுக்குடன் சொல்லிவிடும்.

என் சாய்வுக்குக் காரணம் மூச்சு. ஓய்விலுள்ள குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சுவிடும். பாய்ந்தோடும்போதோ ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு எனக் கால்களோடு பிணைந்துவிடுவதால், அந்த எண் வேகத்தைக் காட்டுமே தவிர வெப்பத்தைக் காட்டாது. நின்ற பிறகு எண்ணினாலும் ஐயம் தீர்வதில்லை. புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாதபோது குதிரை நாசியை விரித்து மேலோட்டமாக மூச்சிளைக்கும். அப்போது மூச்சின் எண்ணிக்கை துடிப்பையே மிஞ்சிவிடுவதுண்டு. சில குதிரைகளுக்கு இது சூட்டை வெளியேற்றும் வழி மட்டுமே. சிலவற்றுக்கு வெப்பத்தாக்கின் அறிகுறி. சர்வதேசப் போட்டிகளில் ஓட்டத்தின் இடையே நடக்கும் மருத்துவச் சோதனைக்குரிய, நிமிடத்துக்கு 64 என்ற வரம்புக்குத் துடிப்பு இறங்கிவிட்டதைப் பட்டை காட்டும் அதே வேளையில், விலா படபடவென்று அடித்துக்கொண்டிருக்கலாம். அது வெறும் சூடு வெளியேற்றமா, வெப்பத்தாக்கா என்று பிரித்தறிய வெப்பமானியே உதவுகிறது. 39 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இளைக்கும் குதிரைக்கு நிழலும் நீரும் பெரும்பாலும் போதும். 40-ஐத் தாண்டிய சூடு, விடாமல் குளிர்நீர் ஊற்றியும் இறங்கவில்லையென்றால் மருத்துவரை அழைத்தாக வேண்டும்.

வெப்பமானிக்கும் குறைகள் உண்டு. தசைகளில் தேங்கிய சூடு இரத்தத்தின் வழியே பரவுவதால், ஓட்டம் நின்ற பின்னும் சில நிமிடங்கள் அளவு ஏறக்கூடும்; ஆகவே வந்தவுடன் எடுத்த ஓர் அளவை நம்பாமல் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். முனை குடற்சுவரைத் தொடாமல் குடலிலுள்ள சாணத்தில் செருகிக்கொண்டால் எண் பிழையாகும். நூல் கட்டி ஒரு கவ்வியால் வாலோடு பிணைத்தால்தான் கருவி தொலையாது. உதைக்கும் பழக்கமுள்ள குதிரையிடம் இது எளிய வேலையும் அன்று.

தொடாமல் அளக்கும் அகச்சிவப்புக் கருவியை நான் ஒதுக்கிவிட்டேன். நனைந்த தோலில் அது ஊற்றிய நீரின் குளிர்ச்சியைத்தான் காட்டுகிறது. தசைக்குள் பொருத்தி வெப்பநிலையைப் படிக்கும் சில்லு நல்ல ஏற்பாடாகத் தோன்றினாலும், அதைத் தரம்பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் கையாண்டதில்லை. பயிற்சி ஓட்டங்களின் துடிப்பைப் பதிவுசெய்ய விரும்புபவர் பட்டையையும் வாங்கலாம். வெப்பமானியை மட்டும் இரண்டாக வாங்குவது நல்லது.