நோவோசிம் 435: தண்ணீர் இல்லாத வேலைக்கு நம்பி வாங்கலாம்

க்ரீம், லோஷனில் சேர்க்கும் மெழுகு எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்து உண்டாகும் மெழுகுகள்) செய்வதுதான் எங்கள் ஆய்வக வேலை. இதற்கு எந்த லைப்பேஸ் (கொழுப்பு, எண்ணெய் வகைகளில் வேலை செய்யும் நொதி) வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது நோவோசிம் 435.

பாட்டிலைத் திறந்தால் ரவை போல வெளிர்நிற மணிகள். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். துளைகள் நிறைந்த அக்ரிலிக் பாலிமர் அது. அதில் கேண்டிடா அன்டார்க்டிக்கா என்ற ஈஸ்டின் லைப்பேஸ் பி நொதி ஒட்டியிருக்கிறது. அந்த ஈஸ்ட் முதலில் கிடைத்தது அன்டார்க்டிகாவில். அங்கிருந்து வந்த நொதி 60 டிகிரியில் சளைக்காமல் உழைப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மிரிஸ்டைல் மிரிஸ்டேட் என்ற மெழுகு எஸ்டரைச் செய்து பாருங்கள், இதன் அருமை தெரியும். அமிலம், ஆல்கஹால் இரண்டுமே 60 டிகிரியில் உருகிவிடும், கரைப்பானே வேண்டாம். மணிகளைப் போட்டு வாக்குவம் கொடுத்தால் வினையில் உண்டாகும் தண்ணீர் அவ்வப்போது வெளியேறி, எஸ்டர் சேர்ந்துகொண்டே போகும். வழக்கமான வினையூக்கி என்றால் 150 டிகிரியைத் தாண்டிச் சூடாக்க வேண்டும். அப்புறம் நிறத்தையும் வாடையையும் போக்க தனி வேலை. இதில் சூடு ஆறுவதற்குள் வடிகட்டினால் போதும், வெள்ளை வெளேரென்று மெழுகு கிடைக்கும். மணிகளை அடுத்த முறைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நொதியைப் பாலிமரோடு பிடித்து வைத்திருப்பது ரசாயனப் பிணைப்பு கிடையாது. நீர்விலக்கும் பரப்பில் அது படிந்து நிற்கிறது, அவ்வளவுதான். எண்ணெயிலும் ஹெக்ஸேன் என்ற கரைப்பானிலும் அசையாது. தண்ணீரோடு சோப்புத்தன்மையுள்ள பொருளும் சேர்ந்தால் கழன்று வந்துவிடும். அப்படிப்பட்ட வேலைக்கு, நொதியைப் பிணைப்பு போட்டு நிறுத்தும் எப்பாக்சி பாலிமர் மணிகளைத் தேடுங்கள். நொதியைத் தனியே பிரிக்காமல், அது இருக்கும் நுண்ணுயிரின் முழு செல்லையே அடைத்து வைப்பதும் நல்ல வழிதான். ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனம் 1973-லேயே ஈ.கோலை பாக்டீரியா செல்களைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்குள் அடைத்து அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்தது. செல் பெரிது, ஜெல்லின் கண்ணி வழியாக நழுவாது.

இன்னொன்று, காந்தக் கிளறி வேண்டவே வேண்டாம். நொதி மணியின் நடுவரை போவதில்லை, மேலே சுமார் 100 மைக்ரான் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கிறது. குடுவையின் அடியில் காந்தம் சுழன்று மணிகளை அரைத்தால் முதலில் தேய்வது அந்த மேலடுக்குதான்; பொடி வேறு வடிதாளை அடைக்கும். மேலிருந்து சுழலும் துடுப்பு, இல்லாவிட்டால் ஷேக்கர். அதைவிட நல்லது, மணிகளைக் குழாயில் நிரப்பி, உருகிய கலவையை அதன் வழியே ஓட விடுவது.

விலை அதிகம்தான். ஒரே முறை போட்டுத் தூக்கி எறிபவருக்குக் கட்டுப்படியாகாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் ஈரம் உள்ளே இறங்கிவிடும்.